ராயபுரம் ரயில் நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் ரயில் வரலாறு என்றதும் பலருக்கும் சென்ட்ரலின் சிவப்புக் கட்டடமும் எழும்பூரின் குவிமாடங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. அவை இரண்டுக்கும் மூத்தது ராயபுரம். அதைப் பற்றி வாசகர்கள் மீண்டும் மீண்டும் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

ராயபுரம் ரயில் நிலையம் எங்கே இருக்கிறது? அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தரப்படுகிறது?

வடசென்னையில், துறைமுகத்துக்குச் சற்று வடமேற்கே, சென்னை கடற்கரை நிலையத்துக்கும் வண்ணாரப்பேட்டை நிலையத்துக்கும் இடையில் ராயபுரம் இருக்கிறது. தென்னிந்தியாவில் பயணிகளுக்கான முதல் ரயில் 1856ஆம் ஆண்டு இங்கிருந்துதான் புறப்பட்டது. அன்று திறக்கப்பட்ட கட்டடம் இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. அதன் அருகே இன்றும் மின்சார ரயில்கள் நின்று பயணிகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. இந்தியாவில் இதைவிடப் பழைய ரயில் பாதைகள் உண்டு. ஆனால், அந்தப் பாதைகளின் தொடக்க நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரத்தின் தனிச்சிறப்பு இதுதான்.

இந்தியாவின் முதல் ரயில் நிலையம் ராயபுரம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியா?

சரியன்று. இந்தியாவில் பயணிகளுக்கான முதல் ரயில் 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணே வரை, சுமார் 34 கிலோமீட்டர் தூரம் ஓடியது. அடுத்து 1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஹவுராவிலிருந்து ஹூக்ளி வரை ரயில் விடப்பட்டது. மூன்றாவதாக வந்ததுதான் மெட்ராஸ்.

குழப்பத்துக்குக் காரணம் கட்டடத்தின் வயது. போரிபந்தரில் முதலில் இருந்த எளிய நிலையத்தின் இடத்தில் 1880களில் விக்டோரியா டெர்மினஸ் எழுந்தது. ஹவுராவிலும் முதல் நிலையம் போய், இன்றுள்ள பெரிய கட்டடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. பம்பாயும் கல்கத்தாவும் தங்கள் முதல் நிலையங்களை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டிக்கொண்டன. மெட்ராஸ் தன் முதல் நிலையத்தை விட்டுவிட்டு வேறோர் இடத்தில் பெரிதாகக் கட்டிக்கொண்டது. அந்தப் புறக்கணிப்பே ராயபுரத்தைக் காப்பாற்றியது. ஆகவே, "இந்தியாவின் முதல் ரயில் நிலையம்" என்று எழுதாமல், "இந்தியாவில் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம்" என்று எழுதினால் பிழை இராது.

1853க்கு முன்பே மெட்ராஸில் ரயில் ஓடியது உண்மையா?

உண்மைதான், ஆனால், அது பயணிகளுக்கான ரயில் அன்று. 1830களில் செங்குன்றத்துப் பகுதியிலிருந்து சாலை போடுவதற்கான செம்பாறாங்கற்களைச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கொண்டுவருவதற்காக ஒரு சிறு இருப்புப்பாதை போடப்பட்டது. பின்னாளில் கோதாவரி, காவிரி அணைக்கட்டு வேலைகளுக்காகப் பெயர் பெற்ற ஆர்தர் காட்டன் இந்த முயற்சியில் முக்கியப் பங்கு வகித்தார். 1837இல் இதில் நீராவி எஞ்சினும் ஓட்டிப் பார்க்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அந்தப் பாதை கைவிடப்பட்டது. இன்று அதன் தடம்கூடத் தெரியவில்லை. தமிழ்நாட்டின் ரயில் வரலாற்றைச் சொல்பவர்கள் இதை ஒரு வரியிலாவது குறிப்பிட வேண்டும். பம்பாயில் பயணிகள் ரயில் ஓடுவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே தண்டவாளத்தின்மேல் நீராவியைப் பார்த்த ஊர் மெட்ராஸ்.

முதல் நிலையத்துக்கு ராயபுரத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

1850களின் மெட்ராஸை மனத்தில் கொண்டால்தான் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். அன்று நகரின் வணிகம் முழுவதும் கருப்பர் நகரம் எனப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனில்தான் நடந்தது. துணி, பருத்தி, தோல், உப்பு, தானியம் ஆகியவற்றின் வணிகர்களும் அவர்களுடைய கிடங்குகளும் அங்கேயே இருந்தன. அரசும் படையும் தெற்கே ஜார்ஜ் கோட்டையில் இருந்தன. கருப்பர் நகரத்தைச் சுற்றி பதினெட்டாம் நூற்றாண்டில் எழுப்பிய மதில் இருந்தது. அதன் ஒரு துண்டு பழைய சிறைச்சாலைச் சாலை ஓரத்தில் இன்றும் உள்ளது. அந்த மதிலுக்கு வடக்கே, கிடங்குகளுக்கு எட்டும் தொலைவில், தண்டவாளங்களும் சரக்குக் கொட்டகைகளும் எஞ்சின் பட்டறைகளும் விரிவதற்கு வேண்டிய திறந்த நிலம் ராயபுரத்தில் கிடைத்தது.

மற்றொரு காரணம் கடல். அன்று மெட்ராஸுக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நடுக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கையும் ஆட்களையும் மசூலாப் படகுகளில் ஏற்றி, அலைகளைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை; அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். தண்டவாளம், எஞ்சினின் பாகங்கள், பாலத்துக்கான இரும்பு என ரயில் வேலைக்கு வேண்டிய கனமான பொருள்களில் பெரும்பகுதி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இந்தக் கரையில்தான் இறங்க வேண்டியிருந்தது. கொந்தளிக்கும் கடலில் ஒரு எஞ்சினின் கொதிகலனைப் படகில் கரைசேர்ப்பது எத்தகைய வேலை என்பதை எண்ணிப் பார்த்தால், ரயில் நிலையம் ஏன் கரையை ஒட்டியே அமைந்தது என்பது விளங்கும். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் இரும்புத் தூண் பாலம் இங்கே 1860களின் தொடக்கத்தில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. துறைமுக வேலை 1870களின் நடுவில்தான் தொடங்கியது. ரயில் அவற்றுக்கு முன்பே வந்துவிட்டது.

பாதையைப் போட்டது அரசா, தனியார் நிறுவனமா?

லண்டனில் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ரயில்வே கம்பெனி என்ற தனியார் நிறுவனம். 1845இல் எழுந்த முதல் முயற்சி நிலைக்கவில்லை. 1850களின் தொடக்கத்தில் மறுபடியும் அமைக்கப்பட்ட நிறுவனமே வேலையை நடத்தியது. ஆனால், "தனியார்" என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலீடு செய்தவர்களுக்குக் குறிப்பிட்ட விழுக்காடு வட்டியைக் கிழக்கிந்தியக் கம்பெனி உறுதியளித்தது. ரயில் இலாபம் ஈட்டாவிட்டாலும் அந்த வட்டி இந்தியாவின் வரி வருவாயிலிருந்து கொடுக்கப்படும். இலாபம் வந்தால் லண்டன் பங்குதாரர்களுக்கு, நட்டம் வந்தால் இங்குள்ள உழவர்களின் தலையில் என்ற இந்த ஏற்பாட்டைப் பின்னாளில் தேசியத் தலைவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் முற்றிலும் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

பாதையின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜார்ஜ் பார்க்லே புரூஸ். 1853 முதல் 1856 வரை அவர் இங்கே பணியாற்றினார். கட்டாய உழைப்பை ஏற்காமல், கூலி கொடுத்தே ஆட்களை வேலைக்கு வைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. பாதை திறக்கப்பட்ட ஆண்டிலேயே உடல்நலம் குன்றி அவர் நாடு திரும்பினார். மண் சுமந்து கரை எழுப்பியவர்களின் பெயர்களோ எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீட்டர். கவர்னர் ஜெனரல் டல்ஹவுசியின் காலத்தில் இந்தியா முழுமைக்கும் முடிவு செய்யப்பட்ட அளவு அது. நாம் இன்று அகலப்பாதை என்று சொல்வது இதைத்தான்.

முதல் ரயில் எப்போது, எதுவரை ஓடியது?

1856ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் மெட்ராஸ் கவர்னர் ஹாரிஸ் பிரபு பாதையைத் திறந்து வைத்தார். ஜூலை 1ஆம் நாள் முதல் பொதுமக்களுக்கான ரயில் விடப்பட்டது. ராயபுரத்தில் புறப்பட்டு, பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாக ஆற்காட்டுப் பகுதியின் வாலாஜா ரோடு வரை சுமார் 100 கிலோமீட்டர் நீண்ட பாதை அது. பம்பாயில் முதலில் திறக்கப்பட்ட பாதையைப் போல இது மூன்று மடங்கு நீளம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாலாஜா ரோடு நிலையம் இன்றும் சென்னை–காட்பாடி பாதையில் இயங்குகிறது. ராயபுரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் என்றாவது ஒருநாள் அதையும் பார்க்க வேண்டும். ஒரே நாளில் தொடங்கிய ஒரே பாதையின் இரண்டு முனைகள் அவை.

வாலாஜாவுக்குப் பிறகு பாதை எங்கே போனது?

கம்பெனியின் முதல் நோக்கமே கிழக்குக் கடற்கரையையும் மேற்குக் கடற்கரையையும் இணைப்பதுதான். அதனால், மேற்கே கேரளத்திலும் ஒரே நேரத்தில் வேலை நடந்தது. 1861இல் திரூருக்கும் பேப்பூருக்கும் இடையே ரயில் ஓடியது. 1862இல் இரண்டு பக்கத்துப் பாதைகளும் இணைந்து, ராயபுரத்தில் ஏறியவர் கோழிக்கோட்டுக்கு அருகிலுள்ள பேப்பூரில் இறங்க முடிந்தது. வங்கக் கடலிலிருந்து அரபிக் கடல் வரை, பாலக்காட்டுக் கணவாய் வழியாக, ஒரே பாதை. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை பிரிந்தது. அரக்கோணத்திலிருந்து வடமேற்கே ராய்ச்சூர் வரை போன பாதை 1871இல் பம்பாயிலிருந்து வந்த பாதையைச் சந்தித்தது. அதாவது, சென்ட்ரல் திறக்கப்படுவதற்கு முன்பே மெட்ராஸிலிருந்து பம்பாய்க்கு ரயிலில் போகலாம். அந்தப் பயணமும் ராயபுரத்தில்தான் தொடங்கியது.

இந்த ரயிலால் மக்களுக்கு நன்மை விளைந்ததா?

பயணம் செய்தவர்களைக் கேட்டால் விளைந்தது என்றே சொல்லியிருப்பார்கள். மாட்டு வண்டியில் பல நாள்கள் பிடித்த தூரத்தைச் சில மணி நேரத்தில் கடக்க முடிந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் நெரிசலும் அழுக்குமாக இருந்தபோதிலும் நிரம்பி வழிந்தன. இந்திய ரயில்களின் பயணிகள் வருவாயில் பெரும்பகுதி அந்த ஏழைப் பயணிகளிடமிருந்தே வந்தது.

ஆனால், 1876 முதல் 1878 வரை மெட்ராஸ் மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கூடாது. ரயில் இருந்தால் பஞ்சம் வராது, தட்டுப்பாடு உள்ள இடத்துக்குத் தானியம் விரைந்து போகும் என்று அதற்கு முன் நம்பிக்கையோடு எழுதினார்கள். நடந்தது வேறு. கடல்வழியே வந்த தானிய மூட்டைகள் மெட்ராஸ் கடற்கரையில் மலைபோல் குவிந்தன. ரயில் அவற்றை உள்நாட்டுக்குச் சுமந்தது. ஆனால், ரயில் நிலையம் வரை வந்த தானியத்தை விலை கொடுத்து வாங்க மக்களிடம் பணம் இல்லை. விலை கூடிய இடத்தைத் தேடித் தானியம் வெளியேறவும் அதே ரயில் வழி செய்தது. பல இலட்சம் பேர் மாண்டார்கள். ராயபுரத்தின் தூண்களைப் பார்த்து வியக்கும்போது இந்த வரலாறும் நினைவில் இருக்க வேண்டும்.

அப்படியானால் ராயபுரம் ஏன் பின்தங்கியது? சென்ட்ரல் ஏன் வந்தது?

பாதைகள் பெருகப் பெருக ராயபுரத்தில் நெரிசல் மிகுந்தது. நகரமும் மேற்கேயும் தெற்கேயும் வளர்ந்துவிட்டது. ஆகவே, கருப்பர் நகரத்துக்கு மேற்கே, பூங்கா நகரில், 1873இல் மற்றொரு முனையம் திறக்கப்பட்டது. ஜார்ஜ் ஹார்டிங் வரைந்த அந்தக் கட்டடம் நான்கு நடைமேடைகளுடன் தொடங்கியது. பின்னர் ராபர்ட் சிஸோம் அதில் மாற்றங்கள் செய்தார். நான்கு முகங்களுடன் கூடிய மணிக்கூண்டும் சேர்ந்து, 1900இல் அது இன்று நாம் காணும் உருவத்தைப் பெற்றது.

சென்ட்ரல் திறந்த மறுநாளே ராயபுரம் மூடப்பட்டுவிட்டதாக நினைக்கக் கூடாது. பல ஆண்டுகள் இரண்டும் சேர்ந்தே இயங்கின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தொலைதூரப் பயணிகள் ரயில்களுக்குச் சென்ட்ரல் முதன்மை முனையமானது. இதற்கிடையே துறைமுகம் வளர்ந்துவிட்டது. துறைமுகச் சரக்கை உள்நாட்டுக்கு அனுப்பும் வழியில் ராயபுரம் இருந்ததால், பயணிகளின் நிலையமாக இருந்தது சரக்குக்கான இடமாக மாறியது. கடலை ஒட்டி இருந்ததால் முதல் நிலையம் என்ற பெருமையைப் பெற்ற ராயபுரம், அதே காரணத்தால் பயணிகளை இழந்தது.

எழும்பூர் இருக்க, சென்ட்ரலும் எதற்கு? ஒரே ஊரில் ஏன் இரண்டு பெரிய முனையங்கள்?

வெளியூரிலிருந்து முதன்முதலாகச் சென்னைக்கு வருபவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. இரண்டு நிலையங்களும் இரண்டு வேறு நிறுவனங்களுக்குச் சொந்தமாக இருந்தன. இரண்டின் தண்டவாள அகலமும் வேறு. மெட்ராஸ் ரயில்வேயின் பாதைகள் அகலப்பாதைகள். அவை மேற்கேயும் வடக்கேயும் போயின. தெற்கே செங்கல்பட்டு, விழுப்புரம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று போன பாதைகள் தென்னிந்திய ரயில்வே என்ற மற்றொரு நிறுவனத்தின் மீட்டர்கேஜ் பாதைகள், அதாவது ஒரு மீட்டர் அகலம் கொண்டவை. ஒன்றின் வண்டி மற்றதன் தண்டவாளத்தில் ஓடாது. தெற்கத்தி ரயில்களுக்காக எழும்பூரில் கட்டப்பட்ட இன்றைய கட்டடம் 1908ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். கட்டியவர் பெங்களூரைச் சேர்ந்த ஒப்பந்ததாரர் டி. சாமிநாத பிள்ளை. பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்ட பிறகு, எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்புக்கு ரயில் பிடிக்கலாம் என்ற நிலை வந்தது. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அந்த வழி இருந்தது.

1951ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இந்த நிறுவனங்கள் எல்லாம் தெற்கு ரயில்வேயில் இணைந்தன. மீட்டர்கேஜ் பாதைகள் படிப்படியாக அகலப்பாதைகளாக மாற்றப்பட்டன. கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரயில் 2004இல் நின்றது. தண்டவாள வேறுபாடு மறைந்த பின்னும், தெற்கே போகும் ரயில்களில் பெரும்பாலானவை இன்றும் எழும்பூரில் புறப்படுகின்றன. நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நிறுவன எல்லை இன்றைய பயணச்சீட்டிலும் இருக்கிறது.

ராயபுரம் ஒரு காலத்தில் ரயில்வேயின் தலைமையகமாக இருந்தது என்பது உண்மையா?

ஆம். 1908இல் மெட்ராஸ் ரயில்வேயும் தெற்கு மராத்தா ரயில்வேயும் சேர்ந்து மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே உருவான பிறகும் நிர்வாகம் ராயபுரத்தில்தான் இருந்தது. 1922இல் சென்ட்ரலுக்கு அருகே புதிய தலைமையகக் கட்டடம் எழுந்ததும் அலுவலகங்கள் அங்கே போயின. தெற்கு ரயில்வேயின் தலைமையகம் இன்றும் அதுவே. ராயபுரத்தில் ரயில்வே அச்சகம் மட்டும் அதன் பின்னும் நெடுங்காலம் இயங்கியது.

கட்டடத்தில் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

முதலில் எதிரே சற்றுத் தள்ளி நின்று முகப்பு முழுவதையும் பார்க்க வேண்டும். சென்ட்ரலின் மணிக்கூண்டோ எழும்பூரின் குவிமாடங்களோ இங்கே கிடையா. உயரமான தூண்கள் வரிசையாக நிற்க, அவற்றின் பின்னே நிழல் படிந்த நீண்ட தாழ்வாரம் இருக்கும். 1850களின் மெட்ராஸில் அரசு அலுவலகமும் பெரிய மாளிகையும் இப்படித்தான் கட்டப்பட்டன. ரயில் நிலையத்துக்கென்று தனியொரு கட்டட மரபு இந்த நாட்டில் அப்போது இல்லை. தெரிந்த கட்டட வடிவத்தையே எடுத்து அதன் பின்புறத்தில் தண்டவாளத்தைப் போட்டார்கள். பிந்தைய முனையங்கள் தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும் என்று கட்டப்பட்டவை. ராயபுரம் அந்த ஆசை பிறப்பதற்கு முந்தைய கட்டடம். எனக்கு இந்த எளிமையே பெரிதாகத் தோன்றுகிறது.

பிறகு அருகே போய்ச் சுவர்களின் கனத்தையும் கூரையின் உயரத்தையும் பார்க்க வேண்டும். மின்விசிறி இல்லாத காலத்தில் சூடான காற்று மேலே போகவும் கடற்காற்று உள்ளே வரவும் செய்த ஏற்பாடு அது. நண்பகல் வெயிலில் வெளியே நின்றுவிட்டுத் தாழ்வாரத்துக்குள் கால் வைத்தால் அதன் பயன் உடனே தெரியும்.

கடல் இவ்வளவு அருகில் இருப்பதால் கட்டடத்துக்குக் கேடு இல்லையா?

உண்டு. இரண்டு வகையான கேடுகள் உள்ளன.

ஒன்று உப்பு. கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து சுவருக்குள் இறங்குகிறது. சுவர் காயும்போது உப்பு படிகமாகி விரிந்து, பூச்சையும் செங்கல்லையும் உள்ளிருந்தே பொடியாக்குகிறது. பழைய மெட்ராஸ் கட்டடங்களில் பூசிய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். உப்பின் சேதம் பூச்சோடு நின்றுவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூச்சைப் புதுப்பித்தால் போதும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே தங்கி, செங்கல்லை அரிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் வழுவழுப்பாகத்தான் தெரியும். ஒருநாள் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்போதுதான் உள்ளே செங்கல் மாவாகியிருப்பது தெரியும். ராயபுரம் நிலையம் நெடுநாள் பாழடைந்து கிடந்து, 2005இல் சீரமைக்கப்பட்டது. அந்தச் சீரமைப்பு வரவேற்கத்தக்கது. ஆனால், கடலோரத்துப் பழைய கட்டடத்துக்கு ஒரே ஒரு சீரமைப்பு போதாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களைக் கொண்டு தொடர்ந்து பராமரிக்க வேண்டும்.

மற்றொன்று கடல் அரிப்பு. சென்னைக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்தின் சுவர்கள் அந்த மணலைத் தடுத்தன. தெற்கே தங்கிய மணலால் மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்றதால் ராயபுரம், காசிமேடு பக்கத்துக் கரையைக் கடல் தின்றது. மெரினாவில் உலாவுகிறவர்களுக்குக் கிடைத்த மணல் வடசென்னை மீனவர்கள் இழந்த மணல் என்றே சொல்லலாம். கரையோரம் பாறாங்கற்களைக் கொட்டித்தான் அரிப்பைத் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

ராயபுரத்தை மீண்டும் முனையமாக்க வேண்டும் என்ற கோரிக்கை என்ன ஆயிற்று?

சென்ட்ரலிலும் எழும்பூரிலும் இடம் போதவில்லை என்பதால், ரயில்வேக்குப் பரந்த நிலம் உள்ள ராயபுரத்தில் புதிய முனையம் அமைக்க வேண்டும் என்று பயணிகள் சங்கங்களும் வடசென்னை மக்களும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். தாம்பரம் மூன்றாவது முனையமானது. அடுத்த முனையம் பற்றிய பேச்சில் பெரம்பூரின் பெயரும் அடிபட்டது.

கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. தெற்கே தாம்பரம் வரை வசதிகள் விரிந்திருக்க, முதல் ரயிலைக் கண்ட வடசென்னை மக்கள் தொலைதூர ரயிலைப் பிடிக்க வேறு பகுதிக்குப் போக வேண்டியிருக்கிறது. அதே நேரத்தில், ராயபுரத்துக்கு வரும் சாலைகள் குறுகலானவை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளால் ஏற்கெனவே திணறுபவை. முனையம் வந்தால் அந்தச் சாலைகளுக்கும் வழி காண வேண்டும். எதைக் கட்டினாலும் 1856ஆம் ஆண்டுக் கட்டடத்தைத் தொடாமல் கட்ட வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. பம்பாயும் ஹவுராவும் செய்ததை இங்கே நூற்றெழுபது ஆண்டுகள் கழித்துச் செய்தால் அதை ஒருவரும் மன்னிக்க மாட்டார்கள்.

இன்று அங்கே என்ன இயங்குகிறது?

கடற்கரையிலிருந்து பெரம்பூர், ஆவடி பக்கம் போகும் புறநகர் மின்சார ரயில்கள் ராயபுரத்தில் நின்று செல்கின்றன. சரக்கு ரயில்களும் இவ்வழியே போகின்றன. ராயபுரத்தின் பெயரை இந்தியா முழுவதும் கொண்டு செல்வது மின்சார எஞ்சின் பணிமனை. அங்கே பராமரிக்கப்படும் எஞ்சின்களின் பக்கவாட்டில் ராயபுரத்தின் பெயரோ, ஆர்.பி.எம். என்ற அதன் குறியீடோ எழுதப்பட்டிருக்கும். சென்னையிலிருந்து வடக்கே போகும் விரைவு ரயிலில் அடுத்த முறை ஏறும்போது எஞ்சின் வரை நடந்து போய்ப் பாருங்கள்.

அங்கே அருங்காட்சியகம் உண்டா?

ராயபுரத்தில் இல்லை. சென்னை ரயில் அருங்காட்சியகம், ஐ.சி.எஃப். எனப்படும் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை வளாகத்தை ஒட்டி உள்ளது. நிலையத்தின் ஓர் அறையிலாவது முதல் பாதையின் வரைபடத்தையும் பழைய படங்களையும் வைக்கலாம் என்பது என் விருப்பம்.

நிலையத்தைப் பார்க்கப் போவது எப்படி?

சென்னை கடற்கரை நிலையத்தில் ஆவடி அல்லது திருவள்ளூர் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் ராயபுரம். எழும்பூரிலிருந்தோ தாம்பரத்திலிருந்தோ வருபவர்கள் கடற்கரையில் இறங்கி மாறிக்கொள்ளலாம். பயணச்சீட்டோ நடைமேடைச் சீட்டோ கையில் இருக்க வேண்டும். விளம்பரம், திரைப்படம் போன்ற தொழில்முறைப் படப்பிடிப்புக்குத் தெற்கு ரயில்வேயிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

தண்டவாளங்களைக் குறுக்கே கடக்கக் கூடாது. சரக்கு ரயில்கள் எதிர்பாராத நேரத்தில் வரும் பாதை இது. காலை நேரம் நல்லது. அரை நாள் ஒதுக்கினால், அருகிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனை வட்டாரம், 1910இல் கட்டப்பட்ட பார்சிகளின் அக்னிக் கோயில் இருக்கும் தெரு, காசிமேடு மீன்பிடித் துறைமுகம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். அக்னிக் கோயிலுக்குள் பார்சிகள் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை, வெளியிலிருந்து பார்க்கலாம்.